குறட்டை விட்டது நான்தான்

சமையலறைப் பதிவேடு, சரக்குக் கலம் ‘நெய்தல்’

பயண நாள் 203. காலை 07:40

தண்ணீர்த் தொட்டி எண்பத்தொரு சதவீதம். பருப்பு ஊறுகிறது. எழுதுவது அமலோற்பவம், சமையல், படிப்பு ஐந்தாம் வகுப்பு.

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூமியிலிருந்து டாக்டர் யாஸ்மின் அனுப்பிய செய்தி: “பூங்கோதை தூக்கத்துல பலமா குறட்டை விடுறாங்கன்னு பதிவாகுது. மூக்கடைப்பா?”

குறட்டை விட்டது நான்தான். எங்கள் இன்ஜினியர் பூங்கோதைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு செய்தேன். செம்புக் கம்பியை வளைத்து அவளே செய்துகொண்ட வளையல்கள். கையில் இடம் வேண்டுமே என்று, அவள் உடல்நிலையைப் பூமிக்கு அனுப்பும் மருத்துவப் பட்டையை மணிக்கட்டிலிருந்து கழற்றினேன். சும்மா வைத்தால் அலாரம் கத்தும். என் கையில் மாட்டினேன். மறந்துபோனேன். பதினெட்டு நாள்.

அவள் புருஷன் கதிரேசன், கலத்தை ஓட்டுகிறவர், கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலத்தில் நாங்கள் மூன்றே பேர். சிரிப்பதற்கு அவருக்கும் ஆள் வேண்டும்.

நாள் 203. 09:15

பட்டையைத் திருப்பிக் கட்டப் போனேன். கொக்கி எட்டவில்லை.

“ஏளா, என் சோறு உனக்கு இப்பிடியா ஒட்டுது?”

“தலைதாங்க்கா வலிக்குது. நாலு நாளா.”

வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. கம்பி வெட்டியால் அறுத்தோம். ரத்த அழுத்தம் 164/108. இத்தனை நாள் பூமிக்குப் போனதெல்லாம் என்னுடைய 120/80.

நாள் 203. 10:30

செய்தி போக பதினொரு நிமிஷம், பதில் வர பதினொரு நிமிஷம். வந்த பதில்:

“இது கர்ப்பத்துல வர்ற ரத்தக் கொதிப்பு. முத்திப்போச்சு. பிள்ளை வெளிய வந்தாதான் தாய்க்கு அடங்கும். முப்பத்து மூணு வாரம்தான், நுரையீரல் பழுக்கல. குறுக்க வேற கிடக்கு. ரெண்டு வழி. ஒண்ணு, அறுவை மெஷினை விட்டு இப்பவே எடுக்கறது. இன்னொண்ணு, நுரையீரலுக்கு ரெண்டு தடவை ஊசி போட்டு ஒரு நாளுக்கு மேல காத்திருக்கறது. கலத்துச் சக்கரத்தை இன்னும் வேகமா சுத்தவிட்டு முழு எடை கொடுங்க, பிள்ளை தலை திரும்பலாம். திரும்பினா மருந்து கொடுத்து வலி வரவைக்கலாம். ஆனா அழுத்தம் இறங்காம ஏறினாலோ, கண்ணு மங்கினாலோ, காத்திருக்கவே கூடாது.”

கதிரேசன் இப்பவே அறுக்கலாம் என்றார். பூங்கோதை கேட்கவில்லை.

“அந்த மெஷினைக் கழட்டி மாட்டினவ நானு. அதோட இடது கை நடுங்கும். குடல்வாலுக்கு சரி. எம்புள்ளைக்கு வேணாம்.”

ஊசியும் மாத்திரையும் கொடுத்தாயிற்று. 148/98. காத்திருக்கிறோம்.

நாள் 203. 18:20

நாங்கள் குடியிருக்கும் சக்கரம் முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆறு மாதத்துக்கு மேலாக அரை எடையில் துள்ளித் திரிந்தவள் நான்; இன்று என் எடை என்னவென்று என் முட்டிக்குத் தெரிந்துவிட்டது. இதைச் சொன்னதற்குப் பூங்கோதை சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“நெலமை மோசமானா அவரு பயந்து பூமியக் கேட்டுட்டு நிப்பாரு. நீங்க அறுவை மெஷின் பட்டனை அமுக்குங்க. நீங்கதான்.”

பதினெட்டு நாளைத் தொலைத்தவளிடம் இதைக் கேட்கிறாள். சரி என்றேன்.

நாள் 204. 11:00

156/104. வயிற்றைப் படம் பிடிக்கும் கருவியில் பார்த்தோம். பிள்ளை பாதி திரும்பியிருக்கிறது. முழுசாக இல்லை. கண் எப்படி என்று கேட்டால் “நல்லா இருக்குக்கா” என்கிறாள். ரொம்பச் சீக்கிரம் சொல்கிறாள். நுரையீரல் ஊசி இரண்டாவது முறை போட இன்னும் ஆறு மணி நேரம்.

நாள் 204. 13:10

174/114. மாத்திரைக்கு இறங்கவில்லை. பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன். 182.

கையை முகத்துக்கு நேரே நீட்டி எத்தனை விரல் என்று கேட்டேன்.

“மூணு.”

விரல்களை மடக்கி வைத்திருந்தேன். ஒன்றுகூட நீட்டவில்லை.

“பொய் சொல்லாத ளா. என்னத்தப் பாக்குற?”

“வெல்டிங் பொறிக்கா. எல்லா பக்கமும். இன்னும் நாலு மணி நேரம்தானே, ஊசி ஒண்ணு போட்டுருவோம்...”

கதிரேசன் ஓடிவந்தார். “டாக்டரைக் கேப்போம்க்கா!”

“கேட்டுப் பதில் வர இருபத்திரண்டு நிமிஷம், தம்பி.”

அமுக்கினேன். 13:23. அமுக்கியது நான். யாரும் சொல்லி அல்ல. எழுதி வைக்கிறேன்.

நாள் 204. மணி பார்க்கவில்லை

மயக்கம் கொடுத்தது. அறுத்தது. இடது கை நடுங்கியது. அவள் சொன்ன அதே நடுக்கம். நான் அந்த இரும்புக் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடிக்கலாமா தெரியாது. பிடித்தேன்.

பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூற்று இருபது. அழவில்லை. கதிரேசன் முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார். எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண் மறந்துபோயிற்று.

பூனை மாதிரி ஒரு சத்தம்.

நாள் 204. 17:45

பிள்ளை இட்லி மாவு புளிக்க வைக்கும் பெட்டியில் இருக்கிறாள். முப்பத்தைந்து டிகிரி. முகமூடியோடுதான் மூச்சு விடுகிறாள். விடுகிறாள்.

தாய் விழிக்கவில்லை. மெஷின் அவளுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டுப் பை மாட்டியிருக்கிறது. டாக்டர்: “ரத்தம் நின்னதுல சந்தோஷம். ஆனா பையில சிறுநீர் இறங்கலன்னு பார்த்தேன். கிட்னி நின்னுபோச்சோன்னு பயம். இறங்கினா உடனே காட்டுங்க. சொட்டுனாலும் காட்டுங்க.”

பை காலி. சக்கரத்தைப் பழையபடி அரை எடைக்கு இறக்கிவிட்டோம், அவள் இதயத்துக்குப் பாரம் குறையட்டும் என்று. நான் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேலி செய்ய ஒன்றும் வரவில்லை.

நாள் 205. 06:30

135/88. கண் திறந்தாள். “எத்தனை விரல்?” என்றேன். “கையை எடுங்கக்கா, புள்ள எங்க?” என்றாள்.

பையில் சிறுநீர் இறங்கியிருந்தது. டாக்டர் சொன்னபடி பையைக் கழற்றி, கேமராவுக்கு நேராகத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அடிமூடி திறந்துகொண்டது. அரை எடையில் மெதுவாகத்தான் விழும். நகர்ந்திருக்கலாம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிறம் வெளிர் மஞ்சள். பையில் மிச்சம் நாற்பது மில்லி. என் தலையில் சுமார் இருநூற்றைம்பது. மொத்தம் இருநூற்றுத் தொண்ணூறு என்று பதிகிறேன்.