அழுமூஞ்சியின் மகள்

தாதர், பம்பாய்
14 டிசம்பர் 1962

என் செல்லம் பிட்டோவுக்கு,

ஆயிரம் ஆசிகள். உன் மாமாவின் கார்டு இன்று மத்தியானம் ஸ்டூடியோவுக்கு வந்தது. உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். மாப்பிள்ளை பெயர் அவதேஷாம், பனாரஸில் காலேஜ் வாத்தியாராம், அப்பா வக்கீலாம். உன் மாமா நாலு வரிக்கு மேல் எழுதியதே கிடையாது. அந்த நாலு வரியை இன்று நான் படித்த மாதிரி சின்ன வயதில் பாடப் புத்தகத்தைப் படித்திருந்தால், இந்நேரம் அலகாபாத் ஹைகோர்ட்டில் ஜட்ஜாக உட்கார்ந்திருப்பேன்.

அப்போது எனக்குச் சமையல்காரன் வேஷம். தலையில் மைதா மாவைக் கொட்டியிருந்தார்கள். அந்தக் கோலத்திலேயே ஓடிப்போய் எல்லாருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன். டைரக்டர், "யோவ், உனக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னதே இல்லையே!" என்றார். "அவ அம்மா ஜாடை, ரொம்ப அழகு. என் மூஞ்சியைப் பார்த்துட்டு நம்பமாட்டீங்கன்னுதான் சொல்லலை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள் பிட்டோ, அது என் தலையெழுத்து.

அம்மா போனபிறகு, பம்பாய்க்கு வரமாட்டேன் என்று மாமியின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அன்றிலிருந்து தீபாவளிக்கு ஒரு கார்டு, ஹோலிக்கு ஒரு கார்டு என்று நம் உறவு ஓடுகிறது. அதற்கு நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன். கார்டில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறாய்.

கன்யாதானத்தை மாமாவும் மாமியும் செய்யட்டும். வளர்த்தவர்கள் அவர்கள். எனக்கு ஒரே ஒரு ஆசை. நீ புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பன் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுது வழியனுப்புவானே, அந்த இடத்தில் நான் நிற்கவேண்டும். வரட்டுமா? மாமாவைக் கேட்காதே. நீ சொல்.

தினமும் தபால்காரரை வாசலில் மறித்துக்கொண்டிருக்கும்,
உன் பாபூஜி


கட்ரா, அலகாபாத்
27 டிசம்பர் 1962

பாபூஜிக்கு நமஸ்காரம்.

இங்கே எல்லாரும் நலம். கார்டில் இடம் மிச்சம் வைக்கிறேன் என்று நீங்கள் சொன்னதால் இந்தத் தடவை இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். இதை நிரப்புவதற்குள் கை வலித்துவிடும் போலிருக்கிறது.

என் கல்யாணத்துக்கு வரட்டுமா என்று நீங்கள் கேட்டது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கட்டாயம் வாருங்கள். பிப்ரவரி இருபதாம் தேதி ராத்திரி முகூர்த்தம், மறுநாள் காலை வழியனுப்புகிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அழாமல் இருக்க முடியுமா பாபூஜி?

அம்மாவை எடுத்துக்கொண்டு போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சினிமாக்காரர் வந்திருக்கிறார் என்று மொட்டைமாடி எல்லாம் கூட்டம். நீங்கள் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தீர்கள். ஒரு மாடியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னொரு மாடி. அப்புறம் தெரு முழுக்க. "ரோத்தூ! ரோத்தூ!" என்று பையன்கள் கத்தினார்கள். ஊரெல்லாம் உங்களை ரோத்தூ, அழுமூஞ்சி என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. என் அம்மாவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். விஷயம் புரிந்தபிறகு அவர்களை விட்டுவிட்டு உங்கள்மேல் கோபப்பட்டேன். நியாயம் இல்லைதான், ஆனால் பட்டேன்.

போன வருஷம் காலேஜ் தோழிகள் ஒரு படத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இடைவேளைக்கு முன்னால் நீங்கள் வந்து அழுதீர்கள். அதே அழுகை பாபூஜி. முகவாய் ஆடி, மூக்கு விடைத்து, கிழிந்த ஹார்மோனியம் மாதிரி இழுத்து. கொட்டகை குலுங்கியது. நான் தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

உங்கள் மகள்,
குசும்


தாதர், பம்பாய்
6 ஜனவரி 1963

என் கண்ணே பிட்டோ,

கோபமா? உன்னிடமா? அப்பன் முகம் இப்படி வாய்த்ததற்கு நீ என்ன செய்வாய். இந்த முகத்தில் கால்வாசி உனக்கு வந்துவிடுமோ என்று நீ பிறந்த அன்றே நான் பயந்தேன். கடவுள் காப்பாற்றினார்.

அந்த அழுகையைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். பத்திரிகைக்காரர்கள் அதை என் தனி நடிப்பு என்று எழுதுகிறார்கள். நடிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் அழுவதே அப்படித்தான். பம்பாய்க்கு வந்த புதிதில் ஒரு படத்தில், கூட்டத்தில் ஒருவனாக நின்றுகொண்டிருந்தேன். கால் இடறி அரண்மனைத் தூணைச் சாய்த்துவிட்டேன். டைரக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஊரில் உன் அம்மாவைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு இந்தப் பேச்சைக் கேட்கத்தானா வந்தோம் என்று அழுகை பொங்கிவிட்டது. செட் முழுக்கச் சிரித்தது. திட்டிய மனிதரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கேமராவை ஓட்டுங்கடா, இவனை விடாதீங்க!" என்றார். அன்று ஆரம்பித்தது. இன்றைக்கும் கதை எழுதுகிறவர்கள் என் பகுதிக்கு வசனமே எழுதுவதில்லை. "இங்கே ரோத்தூ அழுகிறான்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். கண்ணில் கிளிசரின் விடமாட்டேன். விளக்கைப் போட்டதும் உன் அம்மாவை நினைத்துக்கொள்வேன். தானாக வரும். ஊர் சிரிக்கும்.

அதனால் அழாமல் இருப்பது எனக்குப் புது வேஷம். ஒத்திகை ஆரம்பித்துவிட்டேன். வாயில் கொட்டைப்பாக்கை அடக்கிக் கடித்துக்கொண்டால் முகவாய் ஆடுவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "போயிட்டு வாம்மா, பிட்டோ" என்று சொல்லிப் பார்க்கிறேன். "போயிட்டு" வரைக்கும் நன்றாகத்தான் போகிறது. பக்கத்து ஃப்ளாட் மராட்டிக்காரம்மா நேற்றுக் கதவைத் தட்டி, "அண்ணா, எதுக்கு இப்படி நாய்க்குட்டி மாதிரி முனகுறீங்க? பல் வலியா?" என்று கேட்டுவிட்டுக் கிராம்பு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனாலும் தேறிவிடுவேன். உனக்காக இதுகூடச் செய்யமாட்டேனா? உன்னை நான் இடுப்பில் தூக்கியே எத்தனை வருஷம் ஆகிறது. உன் தலையில் கை வைக்கவேண்டும், அவ்வளவுதான். ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பாக்கு மென்றுகொண்டே எழுதும்,
பாபூஜி


கட்ரா, அலகாபாத்
25 ஜனவரி 1963

பாபூஜிக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டினேன். கிராம்பு வரைக்கும் சிரித்தாள். அப்புறம், "என்னடி சொல்றே? பொண்ணு போற நேரத்துல பெத்தவரு கல்லு மாதிரி நிப்பாரா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? கூடவும் இருக்கலை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடலை, இவரெல்லாம் அப்பனான்னு கேக்கமாட்டாங்களா?" என்றாள்.

இன்னொன்று. போன வாரம் பனாரஸிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. மாமாவிடம் அவர் பேசியது என் காதில் விழுந்தது. "சம்பந்தி வரவேண்டாம்னு சொல்ற உரிமை எனக்கு இல்லீங்க. ஆனா எங்க பக்கம் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. அவர் வந்து நின்னா அது கல்யாண வீடா இருக்காது, சினிமாக் கொட்டகையா ஆயிடும். அதை மட்டும் யோசிங்க" என்றார். மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவே இல்லை.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை பாபூஜி. நீங்களே யோசித்து எது சரி என்று எழுதுங்கள்.

குசும்


தாதர், பம்பாய்
2 பிப்ரவரி 1963

என் செல்லம் பிட்டோவுக்கு,

அடடா, நான் என்ன சொல்வேன்! மதராஸில் ஒரு பெரிய கம்பெனி படம். கதாநாயகனின் தேதி திடீரென்று கிடைத்துவிட்டதாம், பிப்ரவரி பதினைந்திலிருந்து மாதக் கடைசிவரை நான் அங்கே இருந்தே ஆகவேண்டும் என்று தந்தி அடித்துவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன். மதராஸ்காரர்கள் நேரத்தில் கறார். விடியற்காலையிலேயே மேக்கப் போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். இட்லியைக் கண்ணில் காட்டி வேலை வாங்குவார்கள்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமாவிடம் வருத்தப்படவேண்டாம் என்று சொல். வயிறாரச் சாப்பிடச் சொல். அந்த வீட்டில் என் இடத்தில் நின்றவர் அவர்தான், வழியனுப்பும்போதும் அவரே நிற்கட்டும். வக்கீல் சாகேப்புக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொல்.

நீ ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. உனக்கு மஞ்சள் பூசி, கையில் மருதாணி சிவந்து, முகம் மலர்ந்து இருக்கிற மாதிரி நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். பார்ப்பதற்கு எனக்குத் தெரியும், சினிமாக்காரன்தானே. புகுந்த வீட்டில் பெரியவர்களுக்கு அடங்கி நட. ரொம்பவும் அடங்காதே. உன் அம்மா என்னிடம் அடங்கியே இருந்தாள், அதில் எனக்குத்தான் நஷ்டம்.

நேரில் வைக்கமுடியாத கையை இந்தக் காகிதத்தில் வைத்து அனுப்பும்,
பாபூஜி


பனாரஸ்
26 பிப்ரவரி 1963

என் பாபூஜிக்கு,

மதராஸ் போவதாக நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைத்து எழுத மனசில்லை. ராத்திரி படுத்தபோது அந்த நிம்மதியே என்னைத் தூங்கவிடவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. காலையில் வழியனுப்பினார்கள். வாசலில் நிற்கவைத்து, இரண்டு கையாலும் பொரியை அள்ளித் தலைக்குமேல் பின்பக்கமாக வீசச் சொன்னார்கள். வீசியபிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, பிறந்த வீட்டுக்கு ஆகாது. முக்காடு மார்பு வரைக்கும் தொங்கியது. என் கால்விரல்களைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா என் தலையில் கை வைத்துக்கொண்டு தேம்பினார். மாமி, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதுகொண்டு பொரியை வீசினேன்.

அப்போது தெருக்கோடியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னும் நாலு பேர். அப்புறம் ஒரு கூட்டமே சிரித்தது. மாமி, "யாருடி அது, வெட்கங்கெட்ட ஜென்மங்க! பொண்ணு போற நேரத்துல இளிக்குதுங்க!" என்று திட்டினாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது பாபூஜி. பெண் போகிற நேரத்தில் ஊர் எதற்குச் சிரிக்கும்? நீங்கள் வந்திருக்கிறீர்கள், அழுகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கப் போனேன். மாமி என் தலையைப் பிடித்து அழுத்திக் காருக்குள் உட்காரவைத்துவிட்டாள். கார் கிளம்பிவிட்டது. கங்கைப் பாலம் தாண்டுகிறவரைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தது.

மறுநாள் கூடத்தில் என் மாமனார் சொந்தக்காரர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டு எடுக்கப் போனேன். அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கல்யாண வீட்டு வாசல்ல காசுக்கு வேஷம் கட்டி வருவானுங்க இல்ல, அந்த மாதிரி நேத்து ஒருத்தன். குரங்குக் குல்லா, கிழிஞ்ச கம்பளி. அப்படியே ரோத்தூ மாதிரி அழுதான் பாருங்க! மூக்கு, முகவாய் எல்லாம் அச்சு அசல். அசல் ரோத்தூ வந்தாக்கூட இப்படி அழமாட்டார். சபாஷ்னு ஒரு ரூபாயைக் கையில வெச்சேன். வாங்கிட்டு, குனிஞ்சு ஒரு சலாம் போட்டுட்டுப் போனான்."

எல்லாரும் சிரித்தார்கள். வந்து ஒரு நாள்தான் ஆகிறது, மாமனார் முன்னால் வாய் திறக்கக்கூடாது, எல்லாம் தெரியும். முக்காட்டைத் தூக்கிவிட்டு, "அவர் வேஷக்காரர் இல்லை. என் பாபூஜி" என்றேன்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. என் மாமனார் டீயைக் கீழே வைத்துவிட்டார். ரூபாய் கொடுத்த தன் கையைப் பார்த்தார். நம் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவர்கள் அவள் புகுந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். நீங்கள் அவரிடம் கை நீட்டிக் காசு வாங்கியிருக்கிறீர்கள், நீங்கள் யாரென்று ஒருத்தருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. அது அவருக்கும் புரிந்தது. கடைசியில், "அந்த ரூபாயை நான் எந்த முகத்தோட திருப்பிக் கேப்பேன்?" என்றார். "எழுதும்மா. வரச் சொல்லு. ஸ்டேஷனுக்கு நானே போறேன்."

அவர் சொன்னதற்காக எழுதவில்லை பாபூஜி. எனக்கு உங்களைப் பார்க்கவேண்டும். இத்தனை வருஷமும் பார்க்கவேண்டும்போலத்தான் இருந்தது, பிடிவாதத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன். இந்த வீட்டில் எங்களுக்கென்று மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். வாருங்கள். கதவைச் சாத்திக்கொள்வோம். அம்மாவுக்காக நாம் இரண்டு பேரும் இன்னும் சேர்ந்து அழவே இல்லை.

உங்கள்
பிட்டோ