ஏறி மட்டும் வந்த தடம்

லா ஹெரியா, லான்சரோத்தே தீவு
8 செப்டம்பர் 1957

அன்புள்ள ஹினேஸ் அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று தெரிந்து நான்கு மாதம் ஆகிறது. அப்பா போன பிறகு வந்த முதல் அறுவடை முடிந்துவிட்டது. வழக்கம்போல் மழையே இல்லை. எரிமலைக் கருஞ்சாம்பல்தான் இரவெல்லாம் பனியைக் குடித்துத் திராட்சைக் கொடிகளைக் காப்பாற்றியது. ஜனவரிக் கவாத்துக்கு என் இரண்டு கை போதாது. நீ வராவிட்டால் நிலத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பெர்தோமோவுக்குக் குத்தகைக்கு விடவேண்டியதுதான். வருவாயா?

இன்னொன்று. குழிக்கொரு கொடி, குழிக்கொரு வேலை. முடித்ததும் பின்னோக்கி ஏறி, பல் வைத்த வாருகோலால் என் தடத்தை நானே அழித்துவிட்டுத்தான் வருகிறேன். மிதிபட்ட சாம்பல் பனி குடிக்காது. நேற்று விடிந்ததும், கடற்பக்கக் கடைசிக் குழியில் வெறுங்கால் தடங்கள். ஏறி வந்திருக்கின்றன. இறங்கிய தடமே இல்லை.

உன் தங்கை,
எலோயிசா


கராக்கஸ்
2 அக்டோபர்

அன்புத் தங்கைக்கு,

உன் திருடன் வானத்திலிருந்து குதித்திருப்பான். பேக்கரி முதலாளி செவெரோவிடம் சொன்னேன். "தங்கச்சிக்குக் கல்யாணத்தப் பண்ணி வையுடா, தடம் தானா ரெண்டு ஜோடியாயிடும்" என்று சிரிக்கிறார். வருவதை அடுத்த வருடம் பார்க்கலாம். நிலத்தை விடுவதென்றால் விட்டுவிடு.

ஹினேஸ்


24 அக்டோபர்

அண்ணா,

சிரிக்காதே. தினமும் ஒரு குழி தள்ளி, வீட்டை நோக்கி வருகிறது. எண்பது குழி வரிசையில் நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. தினமும் காலையில் அழிக்கிறேன். மறுநாள் அடுத்த குழியில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ரெமேதியோஸ் வந்து குனிந்து பார்த்தாள். "ஏண்டி, இது யாரு காலுன்னு தெரியாத மாதிரி நடிக்கிறே? விரலை எண்ணுடி" என்றாள். இடது காலில் நான்குதான். உனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் மண்வெட்டி பட்டுப் போன சுண்டுவிரல்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று எழுது. வேறெதுவும் வேண்டாம்.

எலோயிசா


கராக்கஸ்
6 நவம்பர்

என் எலோயிசா,

இருக்கிறேன். பயத்தில்தான் கேலியாக எழுதினேன். செப்டம்பரிலிருந்து தினமும் மேடு ஏறியவன் போல் முழங்கால் வலியோடு விழிக்கிறேன். படுக்கையில் கரிய பொடி. வீட்டுக்காரம்மா கத்துகிறாள்: "மாவுல புரண்டா வெள்ளையாத்தானே வரணும்? நீ எங்கடா போய்க் கரியில புரண்டுட்டு வர்றே?"

பன்னிரண்டாம் தேதி கப்பல் ஏறுகிறேன். கவாத்துக்கு இருப்பேன். நிலத்தை யாருக்கும் கொடுக்காதே.

நீ அழிக்கும்போதெல்லாம் எனக்குக் குதிகால் எரிகிறது. குழிகளில் அழித்தது போகட்டும். வாசலுக்கு வரும் தடத்தை மட்டும் தொடாதே. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

உன் அண்ணன்


26 நவம்பர்

அண்ணா,

இன்று வாசற்படிக்கு முன்னால் இருந்தது. இரண்டு பாதங்களும் சேர்ந்து, கதவைத் தட்டப் போகிறவன் நிற்பதுபோல. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டதற்கு உன் பதில் இன்னும் வரவில்லை. கையில் வாருகோல் இருந்தது. யோசிக்கவில்லை, அப்பா பழக்கிய கை. பின்னோக்கி நடந்து அழித்துவிட்டேன். சாம்பல் வெதுவெதுப்பாக இருந்தது.

எழுது.

எலோயிசா


20 டிசம்பர்

அண்ணா,

உன் கடிதம் நான் அழித்த மறுநாள் வந்தது. ஒரு நாள்.

கப்பலிலிருந்து உன் பெட்டி இறங்கியது. பெட்டியைக் கொடுத்த கப்பல்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இருபத்தாறாம் தேதி விடியற வரைக்கும் படுக்கையிலதாம்மா இருந்தாரு. செருப்பு ரெண்டும் கீழேயே கிடந்துச்சு. தேடாத எடமில்ல" என்றார்.

இந்தக் கடிதத்துக்கு முகவரி இல்லை. வாசலில் வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைக்கிறேன்.

பெர்தோமோவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். வாருகோலை முறித்து அடுப்பில் வைத்துவிட்டேன். தினமும் காலையில் முற்றத்துச் சாம்பல் முழுவதும் பனியில் நனைந்து கிடக்கிறது. படிக்கு முன்னால் இரண்டு பாதத்து அளவு மட்டும் காய்ந்திருக்கிறது. வலதில் ஐந்து விரல். இடதில் நான்கு.

கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். நிற்காதே. உள்ளே வா.

எலோயிசா