சரோஜாவுக்கு மலை காட்டப் போனது

தை மாதம், ஞாயிறு இரவு, வட்டவடை.

கண் டாக்டர் சொன்னதை நான் என் மனைவி சரோஜாவிடம் சொல்லவில்லை. அவள் பார்வை மெல்லக் குறுகிக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிடுமாம். அதற்குள் அவளுக்கு இந்த மலைகளைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் வழியெல்லாம் காரை நிறுத்தி நிறுத்தி அருவியையும் தேயிலைச் சரிவையும் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சாயங்காலம் ஊருக்கு மேலே ஒரு வளைவில் இறங்கினோம். கீழே கேரட் வயல்கள் படிப்படியாக இறங்கின.

"அந்தப் பச்சையப் பாரு சரோஜா" என்றேன்.

"மலையப் பாத்தது போதுங்க. நீங்க இப்படி வெயில்ல திரும்பி நில்லுங்க."

நின்றேன். கிட்டே வந்து நெற்றி, மீசை, காதோர நரை என்று நிதானமாகப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க வெளிய வந்து மூஞ்சியக் கழுவுனப்பவே தெரிஞ்சுபோச்சு."

கண்ணைத் துடைக்கத் திரும்பினேன்.

"அசையாதீங்க. இன்னும் பாத்து முடிக்கலீங்க" என்றாள்.

வெயில் இறங்கும்வரை அப்படியே நின்றேன்.