மஞ்சள் ஏறிய காறையெலும்பு

இன்று மத்தியானம் என் மகள் உன் எலும்பைக் கடித்துவிட்டாள்.

உன் உடம்பிலிருந்தது அல்ல, நீ வைத்திருந்தது. பழைய பருத்திப் புடவை ஒன்று வேண்டியிருந்தது. எதற்கென்று பிறகு சொல்கிறேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தமே இல்லை. குழந்தை சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தால், அவிழ்ந்து கிடந்த கைக்குட்டையிலிருந்து அந்தக் காறையெலும்பை, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே வருகிற அந்த எலும்பை, எடுத்துக் கரும்புத் துண்டு மாதிரி வாயில் வைத்திருக்கிறாள். பல் முளைக்கிற நேரம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான்.

பிடுங்கினேன். அவள் வாயைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன், அவள் வீறிட்டு அழும்வரை கழுவினேன். எலும்பை வெந்நீரில் போட்டேன். அந்துருண்டை வாசனை போயிற்று. அதன்மேல் இத்தனை வருஷமாக இருக்கும் மஞ்சள் மட்டும் போகவில்லை. நீ இருந்திருந்தால், "எங்கம்மா கழுவாததையா நீ கழுவிடப் போற?" என்று சிரித்திருப்பாய். அப்போதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எப்போதோ எழுதியிருக்க வேண்டியது.

நான் இப்போது உன் ரயில் பாதையில் குடியிருக்கிறேன், தெரியுமா? கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை. ஆரம்பாக்கம் போகிற வண்டியின் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கிறது. அந்தக் காலத்தில் இது உன் வண்டி. என்னுடையது திருவள்ளூர் வண்டி. சனிக்கிழமை மத்தியானம் ஹாஸ்டலிலிருந்து சென்ட்ரல் வரை ஒன்றாக வருவோம். நீ வடக்கே, நான் மேற்கே. வாராவாரம் நமக்குள் ஒரே சண்டை: எலும்புப் பை யாரோடு போவது?

மெடிக்கல் காலேஜில் முதல் வருஷம் சேர்ந்தவர்கள் எல்லோரும் சீனியரிடமிருந்து எலும்பு வாங்கி வைத்துக்கொள்வார்கள். நமக்கு இருவருக்கும் சேர்த்து ஒரு செட். கை எலும்புகள் ஒரு காக்கிப் பையில், கால் எலும்புகள் இன்னொன்றில், மண்டையோடு மட்டும் என் கட்டிலுக்கு அடியில். கட்டிலுக்கு அடியில் ஒருத்தர் இருக்கிறார் என்ற பயத்தில் முதல் மாதம் நான் காலை மடக்கியே தூங்கினேன். "அவுரு இன்னாடி பண்ணப் போறாரு, கோர்ட்டம்மா? நீ கொறட்டை வுடறதுல அவுருதான் பேஜாராயிருப்பாரு" என்பாய். என் அப்பா திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தா. அதனால் எனக்கு நீ வைத்த பெயர் கோர்ட்டம்மா. உன் நைனா நெல் வயலில் கூலி வேலை செய்தவர். அதைச் சொல்ல நீ ஒருநாளும் குரலைத் தாழ்த்தியதில்லை.

அந்த எலும்புகளுக்கு ஒரு விசேஷம் இருந்தது. எந்தத் தசை எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சிவப்பு, எங்கே போய் முடிகிறது என்பதற்கு நீலம் என்று யாரோ ஒரு பழைய மாணவர் பொறுமையாக வண்ணம் தீட்டி வைத்திருந்தார். அந்த வண்ணத்தை நம்பித்தான் நான் உயிரோடிருந்தேன். எலும்பைப் பார்ப்பேன், சிவப்பைப் பார்ப்பேன், பெயரைச் சொல்வேன். எலும்பை உண்மையில் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் கை எலும்புப் பை உன்னோடு ஆரம்பாக்கம் போயிற்று. திங்கட்கிழமை காலை சென்ட்ரலில் நீ வண்டியை விட்டு இறங்கியபோதே முகம் சரியில்லை. நடைமேடையிலேயே பையைத் திறந்து காட்டினாய். எல்லா எலும்பும் பளபளவென்று, மஞ்சள் மஞ்சளாக, சீயக்காய் வாசனையோடு இருந்தது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

"அழுக்குத் துணின்னு நெனச்சி எங்கம்மா தொறந்துக்குது" என்றாய். "நான் கெணத்தாண்ட போயிருந்தேன். வந்து பாத்தா, மொறத்துல எல்லாரும் வெயில் காய்ஞ்சிகினு கீறாங்க."

"கேக்கலையா நீ?"

"கேட்டேன். 'யாரு பெத்த புள்ளையோ, குளிப்பாட்டாம கொள்ளாம பையில போட்டு ரயில்ல அலைய வெச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் மனசே கெடையாதா'ன்னு என்னையே திட்டுது. சீயக்கா தேச்சி, மஞ்ச பூசி, அப்புறம் முட்டி போட்டு ஜெபம் வேற. நான் இன்னா சொல்றது? நானும் கூட முட்டி போட்டேன்."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். கூலியாள் ஒருவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு, "யாருக்கு இன்னாமா ஆச்சு?" என்று கேட்டார். நீ பையை வாய் கட்டிக்கொண்டே, "ஒண்ணும் இல்லண்ணா, சொந்தக்காரங்க" என்றாய்.

அந்த வாரம் முழுக்க நீ என்னைக் கண்ணைத் திறக்க விடவில்லை. போர்வைக்குள் எலும்பைத் தருவாய். விரலால் தடவிச் சொல்ல வேண்டும். "கலரு போனா போவுது. மேடு பள்ளம் எங்கியும் போவல." எங்கே சொரசொரப்பு, எங்கே வழவழப்பு, எங்கே வளைவு முன்னால் வருகிறது என்று விரல் மெல்லக் கற்றுக்கொண்டது. தேர்வில் உனக்கு வந்தது காறையெலும்பு. வண்ணமில்லாத வெறும் எலும்பு. வலதா, இடதா என்று தேர்வாளர்கள் கேட்டார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு தடவினாய்.

"கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லலாமேம்மா?"

"பாத்தா மறந்து போவுது சார்."

கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் சிரித்தது கேட்டது. நீ தேறிவிட்டாய் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. நானும் தேறினேன்.

அதற்குப் பிறகு வார்டுகள். எந்த நோயைப் படிக்கிறோமோ அந்த வாரம் எனக்கு அந்த நோய். காசநோய்ப் பாடம் நடந்தபோது இருமினேன். இருதயப் பாடத்தில் படபடத்தேன். நீ என் முதுகில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, "ஒனக்கு வந்திருக்கிறது பரீட்சைடி, வேற ஒண்ணுமில்ல" என்று முடிவு சொல்வாய். நோயாளிகளிடம் நீ போகும் விதத்தை நான் தள்ளி நின்று பார்ப்பேன். தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாய். அப்போது உதடு லேசாக அசையும். ஏதோ மந்திரம் என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு மட்டும் தெரியும், உன் அம்மா சொன்னதைத்தான் சொல்கிறாய்: யாரு பெத்ததோ.

படிப்பு முடிகிற சமயத்தில் செட்டை ஜூனியர்களுக்குக் கைமாற்றினோம். அதிக மஞ்சள் பிடித்திருந்த அந்த ஒரு காறையெலும்பை மட்டும் அவர்கள் வேண்டாம் என்றார்கள். நீ அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாய்.

ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில்தான் அந்த ஊசி குத்தியது. காமாலையோடு வந்திருந்த ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றும்போது. விரலைக் குழாயடியில் காட்டினாய், அடுத்த கட்டிலுக்குப் போனாய். நம் எல்லோருக்கும் எப்போதாவது குத்தியிருக்கிறது. யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. சில மாதம் கழித்து நாஷ்டா இறங்கவில்லை என்றாய். பிறகு கண் மஞ்சளானது. படுக்கையில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "எங்கம்மா பூசுன மஞ்ச இப்பதான் எனக்கு ஏறுது" என்றாய். அன்றைக்கு நான் சிரித்தேன். நீ சிரிக்கச் சொன்னாய் என்பதால் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் தெளிவாக இல்லை.

ஆரம்பாக்கத்துக்கு நான் உன் வண்டியில் முதல் முறையாக வந்தது உன் சாவுக்குத்தான். உன் அம்மா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "வாம்மா, நீதான் கூட இருந்தவ. நீயும் ஒரு கை குடு" என்று மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என்னிடம் தந்தார். உன்னைக் குளிப்பாட்டினோம். என் விரல் உன் கழுத்தடியில் வந்தபோது தானாகவே காறையெலும்பின் மேல் ஓடியது. வலது பக்கம். வளைவு முன்னால். கண்ணை மூடிக்கொண்டேன். கிளம்பும்போது உன் அம்மா அந்தக் கைக்குட்டை முடிச்சைக் கொடுத்தார். "இது அவ பொட்டியில கெடந்துது. நான் இன்னா பண்ணுவேன்? நீ வெச்சுக்கோ."

மிச்சமிருந்த மாதங்களை நான் எப்படி முடித்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. ஊசி போட வேண்டி வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவேன். யாருடைய கண்ணிலும் முதலில் மஞ்சளைத்தான் தேடுவேன். கல்யாணம் வந்தது, குழந்தை வந்தது. பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறது. அந்தப் பட்டத்தைச் சமையலறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். வெளியே சொல்லும் காரணம் குழந்தை. உள்ளே இருக்கும் காரணமும் ஒரு வகையில் குழந்தைதான். உனக்கு வந்ததை நான் கையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்? இவளுக்கு ஒரு தும்மல் வந்தால் எனக்கு ஒரு புத்தகம் முழுக்க நினைவுக்கு வருகிறது. படிக்காத அம்மாக்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்த நாட்கள் உண்டு.

கம்பெனிக்காரர்கள் சேர்ந்து இங்கே ஒரு டிஸ்பென்சரி தொடங்குகிறார்கள். லேடி டாக்டர் வேண்டுமாம். இவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மாமியார், குழந்தையைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நான் முடியாது என்றே சொல்லிவந்தேன். திங்கட்கிழமை கடைசிப் பதிலைச் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கும்போது முந்தாநாள் காலையில் அடுத்த வரிசையிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் இவருடைய கம்பெனியில் வேலை செய்கிறார். ஒரு பையன், என் மகளைவிடச் சற்றுப் பெரியவன்.

"டாக்டரம்மா, நேத்து தூளியிலேர்ந்து வுழுந்துட்டான். தூக்குனா கத்தறான். கைய அசைக்க மாட்டேன்றான். சுளுக்குன்னு எண்ணெ தேச்சி வுட்டாங்க, இன்னும் ஜாஸ்தியா கத்தறான்."

நான் வாசற்படிக்கு உள்ளேயே நின்றேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கம்மா" என்றேன்.

"போறேம்மா. வண்டி வர்ற வரைக்கும் ஒரு வாட்டி பாரேன். நீயும் புள்ள பெத்தவதானே?"

அவள் கெஞ்சவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். என் கைகள் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை. வாய்க்குள் ஏதோ சொன்னேன் போலிருக்கிறது.

"இன்னாம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்ல. பையன் பேர் என்ன?"

முதலில் முழங்கையைத்தான் சந்தேகப்பட்டேன். அங்கே ஒன்றுமில்லை. விரலை மெல்ல மேலே கொண்டுபோனேன். தோளிலிருந்து கழுத்தை நோக்கி, அந்தச் சின்னக் காறையெலும்பின் மேல். கண்ணை மூடிக்கொண்டேன். வழவழப்பாக வந்துகொண்டிருந்த எலும்பு நடுவில் ஒரு படி இறங்கியது. பையன் துடித்துக் கத்தினான். சுளுக்கு இல்லை, முறிவு.

"எண்ணெ தேய்க்காதீங்க, இழுக்காதீங்க. இந்த வயசுல சீக்கிரம் சேர்ந்துடும்" என்று சொல்லி, என் புடவை ஒன்றைக் கிழித்துக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சாயங்காலம் வந்து வாசலிலிருந்தே கத்தினாள்: "போட்டோ புடிச்சிப் பாத்தாங்கம்மா. நீ சொன்ன அதே எடந்தான்!" பிறகு சற்றுத் தணிந்து, "தேச்சிகினு தொட்டியே, உன் கை கதகதன்னு இருந்திருக்கும், அதான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்னு இவரு சொல்றாரு" என்றாள். அவள் வீட்டுக்காரர் பின்னால் நின்று சங்கடமாகச் சிரித்தார்.

இன்று அந்தக் கட்டு அழுக்காகிவிட்டது, மாற்ற வேண்டும். அதற்குத்தான் பருத்திப் புடவை தேடினேன்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நேற்று முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். மகளைத் தூக்குவதற்கு முன் ஒரு முறை, தூக்கிய பிறகு ஒரு முறை. பயம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் என் விரல் அந்தப் பையனின் எலும்பை அடைந்தபோது பயத்தைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. போர்வைக்குள் நீ கொடுத்ததைத் தேடிக்கொண்டு அதுவாகப் போயிற்று. உன்னோடு எல்லாம் போய்விட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சற்று முன் இவர் கேட்டார்: "திங்கட்கிழமை என்னன்னு சொல்லட்டும்? முடியாதுன்னுதானே?"

மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். "அங்க அடுப்பு வசதி இருக்கான்னு கேளுங்க" என்றேன்.

"அடுப்பா? சமைக்கவா?"

"ஊசி கொதிக்க வைக்க. அதை நான் யார்கிட்டயும் விடமாட்டேன், நானேதான் கொதிக்க வைப்பேன். கழட்டுறதும் நான்தான். அதுக்குச் சரின்னா வரேன்னு சொல்லுங்க."

அவர் உடனே எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை போலிருக்கிறது.

எலும்பைத் துடைத்து, புதுக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டேன். உன் வண்டி இப்போது வடக்கே போகிறது. கட்டு மாற்ற அந்தப் பெண் பையனோடு வந்து வெளியே நிற்கிறாள். கை சில்லென்று இருக்கிறது. தேய்த்துக்கொண்டு போகிறேன்.