ரோசி அக்கா, அந்தச் செய்தியைப் படித்தது நீ இல்லை

என் ரோசி அக்காவுக்கு,

கல்லறைக்கு வரும்போதெல்லாம் உன்னிடம் பேசத்தான் செய்கிறேன். ஆனால் அங்கே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். அம்மா முன்னால் சொல்ல முடியாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பதினோரு வருஷம் ஊர் கேபிள் சேனலில் மாலைச் செய்தி படித்தவள் நீ. உன்னைத் தெரிந்தவர்கள் ஆரணியில் எத்தனை பேர்! அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. நம் வீட்டில் இப்போது கேபிள் இல்லை. உன்னை அடக்கம் செய்த மாதமே அதை எடுக்கச் சொன்னது நான்தான். ஆறரை மணிக்கு உன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து "ஆரணி மக்களுக்கு வணக்கம்" என்று சொல்வதை அம்மா பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குத்தான் பார்க்கத் தெம்பில்லை.

இப்போது இன்டர்நெட் வந்துவிட்டது, புது டி.வி.யும் வந்துவிட்டது. அதைப் போட்டதும் "யார் பார்க்கிறீர்கள்?" என்று திரையில் கேட்கிறது. அம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அவளுடைய சீரியல் ஒரு செயலியில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இன்னொன்றில், படம் மூன்றாவதில். ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா, தனி பாஸ்வேர்டு. முன்பெல்லாம் படம் நின்றுபோனால் சேனல் முதலாளி சம்பத் அண்ணனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாள். இப்போது போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் அவளை அலைக்கழிக்கிறது. "இதுங்கிட்ட சண்டை கூட போட முடியலடி" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

நாங்கள் மட்டுமா? தெருத்தெருவாக எல்லோரும் கேபிளை எடுத்துவிட்டார்கள். சம்பத் அண்ணன் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு, கேமராக்காரரையும் உன் இடத்துக்கு வந்த பெண்ணையும் அனுப்பிவிட்டார். சேனல் ஒரு செயலியாகப் போனுக்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூலை மாதம், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போக போளூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் ஒரு அம்மாளின் போனிலிருந்து நீ பேசினாய்.

"ஆரணி மக்களுக்கு வணக்கம்" என்றாய். யாரோ பழைய வீடியோவைப் போட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த வரியில், வருகிற வியாழக்கிழமை எந்தெந்தத் தெருவில் மின்தடை என்று சொன்னாய். வருகிற வியாழக்கிழமை, அக்கா! கண்ணைத் திறந்து திரும்பினேன். "அது எந்த வீடியோங்க?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு நியூஸ்தாம்மா. நம்ம ரோசி மேடம் படிக்கிறாங்க இல்ல, தினம் கேப்பேன்" என்றார் அந்த அம்மாள்.

அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து நேராக சம்பத் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதுதான் இப்போது சேனல்.

"வாம்மா எஸ்தரு" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தள்ளிப்போட்டுகினே வந்துட்டேன்."

"யாரைக் கேட்டுங்கண்ணா இதைச் செஞ்சீங்க?"

"கம்ப்யூட்டர் சர்வீஸ் ஒண்ணு இருக்குது. நாம எழுதிக் குடுத்தா அதுவே ரோசி குரல்ல படிச்சிடுது. வேற குரல் போட்டுப் பாத்தேன், ஒருத்தரும் கேக்கல. ரோசி குரல் வந்ததும் பழைய ஜனம் அத்தனையும் திரும்பி வந்துச்சு. அது சொன்னா நம்புறாங்கம்மா. உங்க அக்கா இன்னும் நம்மளோடவே இருக்குதுன்னு நினைச்சுக்கோயேன்."

நான் கத்தினேன். கத்தியது எல்லாம் நினைவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் பொழைக்கணும் இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அக்கா. உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வேன் எடுத்து வந்தவர் அவர்தானே.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அன்று சாயங்காலம் ஆறரை மணிக்குச் சமையலறைக்குப் போனால், அம்மா அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, போனைக் காதில் ஒட்டி வைத்திருந்தாள். யாரோடோ பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளாம்மா?" என்றேன்.

"ரெண்டு மாசம் இருக்கும். பக்கத்து வீட்டு சாந்தி காட்டிக் குடுத்தா." போனைக் கீழே வைக்கவில்லை. "அது அவ இல்லன்னு எனக்குத் தெரியும்டி. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? 'காலமானார்'னு சொல்றதுக்கு முன்ன அவ ஒரு மூச்சு விடுவா. இது விட மாட்டேங்குது. ஆனா மீதியெல்லாம் அவதான். விட்டுடு. கேட்டுட்டுப் போறேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். பிடுங்கியிருக்க வேண்டுமா? அவள் முகத்தில் இரண்டு வருஷமாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. விட்டுவிட்டேன். தினமும் ஆறரை ஆனால் நான் கடைக்குப் போகிறேன் என்று சொல்லி வெளியே கிளம்பிவிடுவேன்.

செப்டம்பரில் ஒரு காலை, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, இடுப்பில் குழந்தை. பெயர் கவிதா என்றாள். முள்ளிப்பட்டில் தறி நெய்யும் முருகேசனின் மகள். வெம்பாக்கம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நியூஸ் படிக்கிற ரோசி அக்கா வீடு இதுதானுங்களா? அவங்களைப் பாக்கணும்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

அம்மா அவளை உள்ளே உட்கார வைத்தாள். முந்தின நாள் நடந்ததை அவள் அழாமல் சொன்னாள். போனில் ஊர்ச் செய்தி கேட்டுக்கொண்டே துணி மடித்திருக்கிறாள். 'முள்ளிப்பட்டு நெசவாளர் முருகேசன் இன்று காலை காலமானார்' என்று வந்திருக்கிறது. கூடவே அவள் அப்பாவின் போட்டோ.

"அப்பாவுக்குப் போன் போட்டுகினே இருந்தேங்க, எடுக்கவே இல்ல. தறியில உக்காந்துட்டா அவருக்குக் காது கேக்காது. அது அப்ப எனக்குத் தோணல. கொழந்தையத் தூக்கிகினு ஓடியாந்தேன். ரெண்டு பஸ் மாறி வரணும். ஆரணியில எறங்கும்போது கண்ணு தெரியல, விழுந்துட்டேன். கொழந்தைக்கு அடி படலங்க, கை மட்டும் போச்சு. வீட்டுக்குப் போனா வாசல்ல நாலு பேரு மாலையோட நிக்கிறாங்க. எங்கப்பா அவங்ககிட்ட 'நான்தாம்பா முருகேசன், நான் உயிரோடதான் இருக்கேன்'னு சொல்லிகினு இருக்காரு."

அதே ஊரில் இன்னொரு முருகேசன் இறந்திருக்கிறார். யாரோ அனுப்பிய தகவலோடு போட்டோ மாறிவிட்டது. சம்பத் அண்ணன் எழுதிக் கொடுத்தார், அது படித்துவிட்டது.

"வேற யாராச்சும் சொல்லியிருந்தா நாலு பேரைக் கேட்டுட்டுதான் கெளம்பியிருப்பேன்" என்றாள் கவிதா. "அக்கா சொன்னா தப்பிருக்காதுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டவ நான். அவங்க ஏன் இப்படிப் பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன். கூப்பிடுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

கவிதா சுவரில் மாட்டியிருந்த உன் படத்தை அப்போதுதான் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப நேத்து படிச்சது யாருங்க?" என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போய், கவிதாவுக்குக் காபி போட்டு வந்தாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் போகும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து புடவையை மாற்றிக்கொண்டு, "ஜல்தி கெளம்பு, சம்பத்தைப் பாக்கணும்" என்றாள்.

அங்கே அம்மா கத்தவில்லை, அக்கா. அந்தக் கம்ப்யூட்டருக்கு எதிரே போய் நின்றாள்.

"சம்பத்து, சாவுச் சேதி வந்தா என் பொண்ணு அந்த வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசாம படிச்சிருக்காளா?"

"இல்லம்மா."

"காய்ச்சல்ல படுத்திருந்தப்பகூட என் போனை வாங்கிப் பேசிட்டுதான் எழுதிக் குடுத்தா. இது யாருக்காவது போன் பண்ணுச்சா?"

சம்பத் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் முன்னாலேயே உன் குரலை எடுத்துவிட்டார். அன்று மாலை அவரே தன் குரலில், தடுமாறித் தடுமாறி, முருகேசனிடமும் கவிதாவிடமும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி போட்டார். அம்மா தன் போனிலிருந்து அந்தச் செயலியை அழிக்கச் சொன்னாள். அழித்துக் கொடுத்தேன். முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

முடியவில்லை. போன மாதம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா ஒரு விளம்பரத்தை அனுப்பி, "டீச்சர், இது உங்க அக்காதானே?" என்று கேட்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம், ஆதார் எண் மட்டும் போதும் என்று கொஞ்சிக்கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தாய். சம்பத் அண்ணனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. சத்தியம் பண்ணாத குறையாக, "இது நான் இல்லம்மா" என்றார்.

அவரிடம் கேட்டு அந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸின் இணையப் பக்கத்துக்குப் போனேன். அங்கே குரல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. காசு கட்டுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டுக்கொண்டே போனேன். 'கனிவான பெண் குரல், வட தமிழகம்' என்று போட்டிருந்ததை அழுத்தினேன். நீ.

உன் பெயர் இல்லை. ஊர் இல்லை. கனிவு மட்டும் இருந்தது.

இது என் அக்கா, எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். நொடியில் பதில் வந்தது. எழுதியது மனிதர் இல்லை. 'இந்தக் குரலுக்கான ஒப்புதல் எங்களிடம் பதிவாகியுள்ளது' என்று சொல்லி, ஒப்புதல் கொடுத்தவரின் போன் எண்ணையும் காட்டியது.

அது என்னுடைய எண், அக்கா.

உன் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு நினைவு வீடியோ செய்யலாம் என்று சம்பத் அண்ணன் அன்று இதே சர்வீஸின் லிங்க் ஒன்றை அனுப்பினார். செய்தி படித்துப் பழக நீ போனில் பேசி வைத்திருந்த பதிவுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். நடுவில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஏதோ வந்தது. அழுது வீங்கிய கண். கீழே என் போன் எண்ணைக் கேட்டு, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம். அழுத்தினேன். புது டி.வி.க்கு, சீரியலுக்கு, ஆராதனைக்கு எல்லாம் எப்படி அழுத்தினேனோ அப்படியே. சம்பத் அண்ணனும் அதைப் படிக்கவில்லை. அவரிடம் நான் எவ்வளவு கத்தினேன்!

சாவுச் சேதியில் ஒரு வார்த்தை படிக்கும் முன்னால் நீ அந்த வீட்டுக்குப் போன் போடுவாய். உன்னையே தூக்கிக் கொடுத்தபோது நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அந்த விளம்பரத்தைக் கேட்டு, உன்னை நம்பி, யாராவது ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பார்களா? அவர்கள் வாசலில் வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்?

இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. உன்னை சம்பத் அண்ணன் எடுத்துக்கொண்டார், பிறகு கொடுத்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆறரை மணிக்கு முக்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் இப்போது கடைக்குப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுக்கிறேன். இதைச் சொல்ல வாயெடுத்து, அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டுவேன். இது சத்தியம். நீ இப்போது இதை அச்சில் பார்க்கிறாய் என்றால் அவள் கேட்டுவிட்டாள் என்று அர்த்தம். திட்டுவாள், நாலு நாள் என்னோடு பேசமாட்டாள். இருக்கட்டும். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் சர்வீஸுக்குத் தினமும் எழுதுகிறேன். பெயர் சொல்லிக்கொள்கிற ஒரு மனிதர் பதில் போடும் வரைக்கும் எழுதுவேன். அதுவரை, கேட்கிற ஒவ்வொருவரிடமும் என் வாயாலேயே சொல்வேன்: அது என் அக்கா இல்லை. என் அக்கா பெயர் ரோஸ்லின்.

உன்னைக் கேட்காமல் உனக்காகச் 'சரி' சொல்லிவிட்ட,
உன் தங்கை எஸ்தர்