செண்பகம் என்றால் பூ அல்ல

இயேசு மரி சூசை துணை

கரம்பொன்,
1931 ஆவணி 9

அன்புள்ள மகன் வின்சன்றுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், உடம்புக்கு ஒன்றுமில்லைத்தான், ஆனால் நேற்று உன் பெண்சாதி மாக்கிறேற்றின் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருக்கவும் ஏலாது நிற்கவும் ஏலாது, ஒரே அந்தரம். நீ வேலையாய்த் தூர ரெயில் ஸ்டேசனில் நிற்கிறாயாம், குழந்தை றோசுக்கு மூச்சிழுப்புக் குறையவில்லையாம், நான் எழுதினபடியே செண்பகப் பூவை அவித்து இரண்டு நேரமும் பருக்குகிறாளாம். ஐயோ மகன், நான் எங்கே பூ என்று எழுதினேன்! இழுப்புக்கு மருந்து கேட்கப் பரியாரியார் "செண்பகத்தைப் பிடிச்சுச் சூப்பு வைச்சுக் குடுக்கச் சொல்லு பிள்ளை" என்றார், செண்பகச் சூப்புக் கொடு என்று எழுதினேன். செண்பகம் என்றால் இந்தத் தீவில் வேலிக்கு வேலி ஊப் ஊப் என்று கூவுகிற செஞ்சிறகுப் பறவைதானே, சின்னனில் நீ கல்லெறியாத செண்பகம் உண்டோ? மலாயாவில் பிறந்து வளர்ந்த பெட்டைக்கு அது எங்கே தெரியும், அவளை ஏசாதே.

பூவென்றாலும் நல்ல பூவாய் இருந்தால் மனம் ஆறும். பக்கத்து வீட்டு மலாய்க்காரி சம்பாக்கா என்று காட்டின மரமாம், சவம் புதைக்கிற சவக்காலையிலும் நிற்குமாம், வெள்ளைப் பூவாம், காம்பை ஒடித்தால் பால் வடியுமாம். பால் வடிகிறதைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமோ? உன் ஐயா கடலுக்குப் போகாமல் என்னையும் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடினார். செண்பகம் பூவில்லை குருவி என்று உன் ஸ்டேசனுக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன். கிளாக்கர் என்னைப் பார்த்து, "அம்மா, வாசிக்கிறவர் உங்களுக்குப் பைத்தியம் எண்டெல்லோ நினைப்பார்" என்றார். பிறகு பிள்ளைக்குப் பூக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் அடிப்பித்தோம். வழியெல்லாம் ஐயா "எந்தப் பூவெண்டு அவனுக்கு விளங்குமோ" என்று புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

பறவைகளுக்குப் பேர் வைத்தவர் ஆதாம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னவர். அந்த மனுசன் என்ன நித்திரைத் தூக்கத்தில் வைத்தாரோ? நீர்க்காகம் காகமில்லை, கடற்புறா புறாவில்லை, சாக்குருவி குருவியே இல்லை, ஆந்தைச் சாதி. அது சின்னத்தங்கம் அக்கா வீட்டு முருங்கையில் இருந்து மாசக்கணக்காய் அலறுது, அங்கே ஒருவரும் சாகவில்லை, பேத்திதான் பிறந்திருக்கிறாள். அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றுகிறேன்.

இனிப் பூவும் வேண்டாம் பறவையும் வேண்டாம், லீவு கேட்டுக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு. நீயும் மழையில் நனையாதே. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. இதை எழுத எழுத வேலியில் செண்பகம் கூவுது, எழும்பிப் போய்க் கலைத்துவிட்டு வந்தேன், இப்போது பூவரசில் இருந்து கூவுது.

உங்கள் மூவரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். செபமாலையை விடாதே. பிள்ளை எப்படி என்று உடனே தந்தி அடி. ஒரு சொல் போதும் மகன், ஆனால் இரண்டு கருத்து வராத சொல்லாய்ப் பார்த்து அடி.

இப்படிக்கு,
வேலிப் படலையைப் பார்த்தபடி இருக்கும் உன் அம்மா
மேரிஜோசப்பின்