நெஞ்செரிச்சலுக்கு நான் கொடுத்த சோடா

என் உசிருக்கு உசிரான மாப்ள சோலைக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகுது. பழங்காநத்தத்துல என் சோடாக் கடை அப்படியேதான் இருக்கு. யுத்தத்தால சீனி கிடைக்கல, இனிப்புக் கலர் போடுறதை நிறுத்திட்டேன். இப்ப வெறும் சோடாதான்.

உனக்கு அதுதானே வேணும்? மிளகாய் மூட்டை ஏத்துன வண்டியைக் கடை முன்னால நிறுத்திட்டு, "மச்சான், நெஞ்சு எரியுது, ஒரு கோலியைத் தட்டு"ம்பே. வீட்டுல உன் பொண்டாட்டி, என் கூடப்பிறந்த பேச்சி, சீரகத் தண்ணி கொடுத்திருப்பா, வெறும் வயித்துல இஞ்சிச் சாறு கொடுத்திருப்பா, மோருல பெருங்காயம் கரைச்சிருப்பா. எதுக்கும் அடங்காத எரிச்சல் என் சோடாவுக்கு அடங்குதுன்னு நீ சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்காது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, உப்புப் போட்டு நீட்டுவேன். நீ விடுற ஏப்பத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். "போயிருச்சு மச்சான்"ம்பே. ஏப்பம் வந்துட்டா நோவு போயிருச்சுன்னுதானே நம்ம ஆளுக நெனப்பு?

அன்னைக்கும் அப்படித்தான் வந்தே. சட்டையெல்லாம் வேர்வை. "இடது தோளும் கடுக்குது மச்சான்"னே. நான் என்ன சொன்னேன்? "வாயு மாப்ள, அது எங்க வேணாலும் போகும்." ஏப்பமும் வந்துச்சு, எல்லாரும் சிரிச்சோம். சாக்கு மேல கொஞ்சம் சாயுறேன்னே. "மெதுவாப் பேசுங்கப்பா, எங்க மாப்ள தூங்குறாரு"ன்னு வந்தவங்களை அதட்டிக்கிட்டே ஏவாரம் பார்த்தேனே, பாவி! எம்புட்டு நேரம் உசிரில்லாம அப்படிக் கிடந்தியோ.

நீ தோளைச் சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. பேச்சிகிட்டக்கூட.

இப்ப அவளுக்கும் ஒரு வாரமா நெஞ்செரிச்சல், மாப்ள. இன்னைக்குக் காலையில கடைக்கே வந்துட்டா. "அண்ணே, சீரகத்துக்கும் கேக்கல, இஞ்சிக்கும் கேக்கல. உன் கையால ஒரு சோடா கொடு."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவமா ஆத்தா?"

"நெஞ்செரிச்சலுக்கா? போண்ணே, ஊரு சிரிக்கும்."

"தோள் ஏதும் வலிக்குதா?"

"அதை ஏன் கேக்குறே?"

உன் தோள் கடுத்த விசயம் வாய் வரைக்கும் வந்துருச்சு. சொன்னா அவ என் மூஞ்சியில முழிப்பாளா? கோலியைத் தட்டிக் கொடுத்துட்டேன். குடிச்சா. ஏப்பம் விட்டா. "போயிருச்சுண்ணே"ன்னு உன்னை மாதிரியே சொல்லிட்டுக் கோச்சடை வீட்டுக்கு நடையைக் கட்டிட்டா.

அதுலருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வெறும் எரிச்சலாத்தான் இருக்குமோ என்னமோ. நான் கண்டேனா? சோடாக்காரனுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு எனக்கு என்ன தெரிஞ்சது?

கடையைச் சாத்திட்டேன். இதை எழுதி முடிச்ச கையோட அவகிட்டப் போறேன். முதல்ல உன் தோள் கடுத்ததைச் சொல்லுவேன். அழுதாலும் சரி, அடிச்சாலும் சரி, வாங்கிக்குவேன். அப்புறம் ஜட்கா வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். வழியில அவ எத்தனை ஏப்பம் விட்டாலும் வண்டியைத் திருப்ப விடமாட்டேன், மாப்ள. இது சத்தியம்.

நீ தூங்குறேன்னு நெனச்ச உன் மச்சான்,
கருப்பையா